முடிவில்லாத பனிச்சரிவு

சென்ற ரமலானில் ஓர் இரவு. தராவீஹ் தொழுகையில், எத்தனையாவது ரக்அத் என்பது நினைவில்லை, ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டதும் கண்கள் தாமாக மூடின. மூடிய கண்களுக்குள் வெண்பனி போர்த்திய மலைச்சரிவு ஒன்று இடமிருந்து வலமாக நழுவிக்கொண்டிருந்தது. அதன்மீது ஒரு சிறுவன் பலகையில் நின்றபடி சறுக்கி வந்தான். எதிரே ஒரு பாறை. எந்தக் கணத்தில் தாவ வேண்டும் என்று நம் கட்டைவிரல் காத்திருந்தது. இமாம் தக்பீர் சொன்ன பிறகே நாம் நிற்கும் இடம் பள்ளிவாசல் என்பது நினைவுக்கு வந்தது.

நோன்பு திறந்து, மஃரிபும் தொழுதுவிட்டு, கஞ்சி குடித்த களைப்பில் சுவரில் சாய்ந்திருந்த அரை மணி நேரத்தில் ஆடிய விளையாட்டு அது. பன்னிரண்டு வயது மகனைக் கண்டிப்பதற்காகத்தான் கைப்பேசியை அவனிடமிருந்து வாங்கினோம். அப்படி என்னதான் இதில் இருக்கிறது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தோம். இஷாவின் பாங்கு ஒலிக்கும்வரை அது நம் கையிலேயே இருந்தது.

ஆகவே கறைபடாதவர் ஒருவரின் இடத்தில் நின்று இதை எழுதவில்லை. கைப்பேசி விளையாட்டுகளின் தீமைகளைப் பற்றி நம்மவர் எழுதுகிறோம், குத்பாக்களில் பேசுகிறோம். அவற்றுள் பல, அந்த விளையாட்டுகளை ஒருமுறையும் ஆடிப் பாராதவர்கள் சொல்வதாகவே இருக்கும். பிள்ளைகள் அதை முதல் இரண்டு வாக்கியங்களிலேயே கண்டுகொள்கிறார்கள். பிறகு காது கொடுப்பதில்லை. ஒன்றைப் பற்றி எச்சரிக்கும் முன், அதன் இனிமை எங்கிருந்து வருகிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்வது நல்லது.

அந்த விளையாட்டின் பெயர் ஆல்டோஸ் அட்வென்ச்சர். கனடாவின் டொராண்டோவில் உள்ள ஸ்னோமேன் என்ற சிறு நிறுவனம் 2015இல் வெளியிட்டது. ஆல்டோ ஒரு மலைக்கிராமத்துச் சிறுவன். அவனுடைய லாமாக்கள் பட்டியை விட்டு ஓடிவிடுகின்றன. லாமா என்பது தென் அமெரிக்க மலைகளில் வளர்க்கப்படும் மிருகம். ஒட்டகத்துக்குத் தூரத்து உறவு. அவற்றைப் பிடிக்க அவன் மலைச்சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்குகிறான். திரையைத் தொட்டால் தாவுவான். தொட்டபடி விரலை வைத்திருந்தால் அந்தரத்தில் குட்டிக்கரணம் போடுவான். ஒரு விரல் போதும். கற்றுக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. இடையில் உறங்கிக்கொண்டிருக்கும் மலைப்பெரியவர்களை எழுப்பிவிட்டால் மட்டும் அவர்கள் துரத்துவார்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்தால் என்ன ஆகும் என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பனிச்சறுக்கு விளையாட்டு திரைக்குப் புதியதன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் நிரலாளர் கிறிஸ் பிரிஹ் எழுதிய ஸ்கீஃப்ரீ 1991இல் வெளிவந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குத் தட்டச்சுக் கற்கப் போய், ஆசிரியர் வெளியே போன நேரத்தில் அதை ஆடியவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலரேனும் இருப்பார்கள். எவ்வளவு திறமையாகச் சறுக்கினாலும் ஒரு தொலைவுக்குப் பின் சாம்பல் நிறப் பனிப்பூதம் ஒன்று ஓடிவந்து நம்மை விழுங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து 2012இல் வந்த ஸ்கீ சஃபாரியில் பூதத்தின் வேலையை முதுகுக்குப் பின்னால் உருண்டு வரும் பனிச்சரிவு செய்தது. இந்த விளையாட்டுகளின் பொது இயல்பு இதுவே. எவரும் இறுதியில் வெல்வதில்லை. விழும்வரை போகலாம், விழுந்ததும் மீண்டும் தொடங்கலாம்.

இதில் ஒரு மனிதனைக் கட்டிப்போடும் அளவுக்கு என்ன இருக்கிறது? பனியையே நேரில் கண்டிராத, மார்கழிக் குளிருக்கே மஃப்ளர் தேடும் ஊரில் இருந்துகொண்டு யோசித்துப் பார்த்தோம். முதலாவது, அது நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. பகல் முழுதும் கடையில் கணக்கு, வங்கியில் வரிசை, உறவில் ஒரு மனத்தாங்கல், வாட்ஸ்அப்பில் ஐம்பது செய்திகள் என்று சிதறிய மனத்துக்கு, அடுத்த பாறை ஒன்றை மட்டும் கவனி என்று சொல்லும் குரல் ஓர் ஓய்வாகவே இருக்கிறது. இரண்டாவது, அது அழகாக இருக்கிறது. வானம் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து கருநீலத்துக்கும் மாறுகிறது. மழை பெய்கிறது, பனி கொட்டுகிறது, தொலைவில் மின்னல் வெட்டுகிறது. பின்னணியில் மெல்லிய இசை. இசை குறித்து நம் உலமாக்கள் சொல்வதை அறிவோம்; அமைப்பில் அதை நிறுத்திவிட்டே ஆடினோம். ஈர்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

மதிப்பெண்ணும் நாணயமும் தோல்வியும் இல்லாமல் வெறுமனே சறுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு முறையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஜென் என்று அதற்குப் பெயர். பௌத்த மரபிலிருந்து எடுத்த பெயர். பெயரைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. ஆனால் மன அமைதி என்பதை இன்று ஒரு பொத்தானாக வைக்க முடிகிறது என்பதும், அதை நாடி மக்கள் வருகிறார்கள் என்பதும் சற்று யோசிக்க வேண்டியவை.

அந்த வானத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் ஒரு முழுநாள் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. விடிகிறது, உச்சிக்கு ஏறுகிறது, சாய்கிறது, செவ்வானம் படர்கிறது, இருட்டுகிறது, மீண்டும் விடிகிறது. நாமோ சூரியனைக் கொண்டு வாழ்வை அளப்பவர்கள். வெளுப்பு கண்டால் ஃபஜ்ர், சாய்ந்தால் ளுஹர், நிழல் நீண்டால் அஸர், மறைந்தால் மஃரிப், செம்மை நீங்கினால் இஷா. நம் முன்னோர் கடிகாரம் இல்லாமலே இதைக் கணித்தார்கள். இங்கே திரைக்குள் ஒரு பொய்ச்சூரியன் ஐந்து வேளையையும் ஒரு மூச்சில் கடந்துவிட, சன்னலுக்கு வெளியே மெய்யான சூரியன் மறைவதை மகன் கவனிப்பதில்லை. அங்கே மஃரிபின் அழகை ரசித்துக்கொண்டே இங்கே மஃரிபைத் தவறவிடுவது நடக்கிறது. நம் வீட்டில் நடந்திருக்கிறது, ஒருமுறையன்று.

இது கூடுமா, கூடாதா? நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையவர்கள் அல்லர். ஆனால் இதையொத்த கேள்வி நம் மரபுக்குப் புதிதும் அன்று. சதுரங்கத்தைப் பற்றி இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். பலர் அதை ஹராம் என்றார்கள். ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்தில் அது மக்ரூஹ்; பந்தயம் சேர்ந்தாலோ, அதில் மூழ்கித் தொழுகை தவறினாலோ ஹராமாகிவிடும். அதாவது பலகையும் காய்களும் மாறாதிருக்க, ஆடுபவரின் நிலைக்கேற்பச் சட்டம் மாறுகிறது. இந்தப் பனிச்சறுக்கில் சூது இல்லை, ஆபாசம் இல்லை, கொலை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளின் இடையே வரும் விளம்பரங்கள் வேறு விஷயம். விளையாட்டில் இல்லாதவை அனைத்தும் விளம்பரத்தில் வரக்கூடும். சிறிய தொகை கொடுத்து விளம்பரமற்ற பதிப்பை வாங்குவது பல வீடுகளில் வீண்செலவாகத் தோன்றும். அதே வீட்டில் பிரியாணிக்கு ஆகும் செலவைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மார்க்கம் விளையாட்டையே வெறுக்கிறது என்ற எண்ணமும் சரியன்று. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியதையும், நபி (ஸல்) அவர்களின் பின்னே நின்று ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்கே சலிக்கும்வரை அதைப் பார்த்ததையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நபியவர்கள் தம் துணைவியாரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்கிறது. வீட்டுக்குப் போனால் மனம் மறுமையை மறந்துவிடுகிறதே, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று அஞ்சி வந்த ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, இதற்குச் சிறிது நேரம், அதற்குச் சிறிது நேரம் என்ற பொருளில் ஆறுதல் கிடைத்ததை முஸ்லிம் நூலில் படிக்கிறோம். சிறிது நேரம் என்பதே அங்கே அளவு.

நம் பனிச்சரிவுக்கு அந்த அளவுதான் கிடையாது. கேரம் பலகையில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும். கபடியில் நடுவர் ஊதுவார். தெருக்கிரிக்கெட் இருட்டினால் நிற்கும், பந்து மொட்டைமாடிக்குப் போனாலும் நிற்கும். கைப்பேசியில் உள்ள சரிவையோ கணினி நிரல் ஓடஓட உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. மலைக்கு அடிவாரம் இல்லை. தொழுகைக்குத் தக்பீர் என்று ஒரு வாசல் உண்டு, ஸலாம் என்று ஒரு வாசல் உண்டு. நோன்புக்கு ஸஹர் உண்டு, இஃப்தார் உண்டு. இந்த விளையாட்டில் நுழைவதற்கு மட்டுமே வாசல் வைத்திருக்கிறார்கள். வெளியேறும் வாசலை ஆடுபவரே சுவரை இடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் அதை எதிர்பார்க்கிறோம். நாற்பத்தைந்து வயதில் நமக்கே அது இயலவில்லை.

ஸஜ்தாவில் தெரிந்த அந்தச் சரிவுக்குத் திரும்புவோம். அது ஷைத்தானின் ஊசலாட்டம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரு வழிமுறையும் இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் டெட்ரிஸ் ஆடியவர்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். உறக்கத்தில் ஆழும் தருணத்தில் அவர்களுள் பலரின் கண்ணில் கட்டங்கள் விழுந்துகொண்டிருந்தன. மூளைப் பாதிப்பால் நினைவாற்றலை இழந்து, தாம் விளையாடியதையே மறந்துவிட்டவர்களில் சிலருக்கும் அவை தெரிந்தன. பத்தாண்டுகள் கழித்து அக்குழுவினர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஆல்பைன் ரேசர் என்ற பனிச்சறுக்கு விளையாட்டு. அப்போதும் உறக்கத்தின் வாசலில் சரிவு வந்து நின்றது. உடலும் கண்ணும் சேர்ந்து பழகிய ஒன்றை மூளை ஓய்ந்திருக்கும் வேளையில் எடுத்து ஓட்டிப் பார்த்துக்கொள்கிறது. நாம் எப்போது ஓய்கிறோம்? தலையணையில், அதற்கு முன் தொழுகைப் பாயில்.

நபி (ஸல்) அவர்கள் கோலங்கள் பொறித்த மேலாடை ஒன்றை அணிந்து தொழுதார்கள். தொழுது முடித்ததும் அதைக் களைந்து, அதை அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவருடைய எளிய போர்வையை வாங்கி வருமாறு சொன்னார்கள். அந்தக் கோலங்கள் தம் தொழுகையிலிருந்து கவனத்தை ஈர்த்ததைக் காரணமாகக் கூறினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தியும் புகாரியில் உள்ளது. அன்று இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் இதுதான் மனத்தில் ஓடியது. அந்த ஆடையை அவர்கள் கிழித்து எறியவில்லை. அதன் அழகைப் பழிக்கவில்லை. ஹராம் என்று சொல்லியிருந்தால் இன்னொருவரிடம் கொடுத்திருக்க மாட்டார்கள். தொழுகைக்குள் அது நுழைந்தது. ஆகவே தோளிலிருந்து இறங்கியது. கோலமிட்ட ஒரு துணிக்கே இப்படியென்றால், விரலோடு கண்ணையும் பழக்கி, மூடிய இமைக்குள் வந்து ஓடும் ஒன்றைத் தொழுகைக்கு முந்திய அரை மணியில் கையில் எடுக்கலாமா என்ற கேள்வி நம்மிடமே வந்து நின்றது. பிள்ளையை நோக்கி நீட்டுவதற்காக எடுத்த விரல் அது.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. ஆரோக்கியமும் ஓய்வுநேரமும் மக்களில் பலர் ஏமாந்து இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்ற நபிமொழி நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. அந்த ரமலான் மாலையில் மகன் ஆடினான், நாம் ஆடினோம், விருந்துக்கு வந்திருந்த மச்சானும் வாங்கி ஆடிப் பார்த்தார். ஆடாதவர் பிள்ளையின் உம்மா மட்டுமே. அவர் கஞ்சிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுநேரத்தில் ஏமாறுவதற்கும் முதலில் ஓய்வுநேரம் என்ற ஒன்று வேண்டும்.

பெருநாள் கழிந்து சில நாட்களுக்குப் பின், அடுத்தடுத்து அவன் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டோம். “எத்தனை தடவைடா விழுவே? சலிக்கலையா?”

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான். “விழுந்தா என்ன வாப்பா? இது ஒண்ணும் சொல்லாதே. உடனே போயிடலாம்.”

நம்மைக் குத்துவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் முந்திய வாரம் கணக்குத் தேர்வின் விடைத்தாள் வந்தபோது நாம் பேசியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பெரியப்பா மகனின் மதிப்பெண்ணைச் சொன்னோம். கைப்பேசியைச் சொன்னோம். ஐந்தாம் வகுப்பில் அவன் தொலைத்த குடையைக்கூட எடுத்துப் பேசினோம் என்று எண்ணுகிறோம். மதரஸாவில் ஓதும்போது ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு முறைப்பு. வீட்டில் ஒரு கிளாஸ் உடைந்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு. ஒரு நாளில் எத்தனையோ முறை விழுந்தும் ஒரு சொல் கேளாமல் எழுந்து செல்லக்கூடிய ஓரிடம் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்திருக்கிறது. அது ஐந்து அங்குலத் திரையாக இருக்கிறது.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக இருந்தபோது நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ‘சீ’ என்ற சொல்லையோ, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வியையோ ஒருமுறையும் கேட்டதில்லை என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள். இதை மீலாது மேடைகளிலும் பெண்கள் மஜ்லிஸிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கண் கலங்கியும் இருக்கிறோம். அந்த நபிமொழியின் மறுமுனையில் ஒரு பத்து வயதுச் சிறுவன் இருந்தான் என்பதும், நம் வீட்டிலும் ஏறக்குறைய அதே வயதில் ஒருவன் இருக்கிறான் என்பதும் ஏனோ ஒன்றாகச் சேர்ந்து தோன்றியதில்லை.

இதைச் சொல்வதால் விளையாட்டைத் தாய்மடியாக ஆக்குகிறோம் என்று எண்ண வேண்டாம். அது அவனைத் திட்டாததற்குக் காரணம் அதற்கு அவன் ஒரு பொருட்டே அல்ல என்பதுதான். அவன் விழுந்தாலும் எழுந்தாலும் சரிவுக்கு நட்டமில்லை. கணக்கில் அவன் தோற்றால் உறக்கம் கெடுவது நமக்கே. நம் கோபத்தின் அடியில் அந்த அக்கறை இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அவன் அறிந்திருக்கிறானா என்பதில் உறுதியில்லை. பிள்ளை கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குவது எளிது; பிடுங்கிய பின் அவன் திரும்பி வரும் இடத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்த்தபோது நமக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை.

அந்த விளையாட்டை நாம் அழிக்கவில்லை. அஸருக்குப் பின் தொடங்கலாம், மஃரிப் பாங்குக்குப் பத்து நிமிடங்களுக்கு முன் கைப்பேசி அலமாரிக்குள் போய்விட வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. அந்தப் பத்து நிமிடம் சரிவு கண்ணிலிருந்து கரைவதற்கு. உளூச் செய்யவும் அதற்குள் நேரம் இருக்கும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் எவரும் தொடுவதில்லை. இது அவனைவிட நமக்காகவே போட்ட விதி. முதல் வாரத்தில் அதை இருமுறை மீறியவரும் நாமே. அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை, நம்மிடமிருந்து அல்ல.

அடுத்த தேர்வுத்தாள் வந்தபோது எதுவும் பேசாமல் வாங்கி, தவறிய கணக்கை மட்டும் அவனோடு உட்கார்ந்து மீண்டும் போட்டோம். முழுவதும் அமைதியாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. ஒருமுறை குரல் உயர்ந்தது. அடுப்படியிலிருந்து ஒரு இருமல் கேட்டது, குரல் இறங்கியது.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை பாத்திரங்களை நாம் எடுத்துக்கொண்டோம். பிள்ளையின் உம்மா கூடத்தில் வந்து அமர்ந்தார். “உம்மா, இங்க தொட்டா போதும். அழுத்திப் பிடிச்சா குட்டிக்கரணம் போடும்” என்று மகன் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தான். மூன்றாவது பாறையில் விழுந்தார். அடுத்த முறை இரண்டாவதிலேயே விழுந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “இன்னொரு தடவை” என்றார். பாங்குக்கு இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன.